ஏரித் தண்ணீருக்கு நான் எழுதிய கணக்கு

நான் திருடன். கன்னக்கோல் எடுக்கவில்லை... கணினியை வைத்துத் திருடினேன். தண்ணீரைத் திருடினேன்!

கணினித் துறையின் முன்னோடி என்று என்னை மேடையேற்றுகிறீர்கள். அந்தப் புகழ் எங்கே தொடங்கியது தெரியுமா உங்களுக்கு?

எண்பதுகளின் நடுவில். சாலவாக்கத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர், ஏரிப் பாசனம். தண்ணீர் குறைந்தால் யார் வயலுக்கு முதலில் மடை திறப்பது என்று மண்டை உடையும். சென்னையில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த நான், என் கையால் உருவாக்கிய சிறு கணினியொன்றைப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் வைத்தேன். ஏரியின் நீர்மட்டத்தையும் வயல்களின் பரப்பையும் கொடுத்தால், எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் தண்ணீர் என்று அது சொல்லும். ஊரே ஒப்புக்கொண்டது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. அப்பா என்னைத் தனியே அழைத்தார்.

"ஊருக்கு நாயம் பண்றது இருக்கட்டும். நம்ம பயிரு காஞ்சிக்கினு கீது. உன் மிஷினாண்ட சொல்லி ஒரு வழி பண்ணுடா."

மறுக்கவில்லை! கணினியை இயக்கும் நிரலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். எங்கள் நிலம் இருமடங்காகக் கணக்கில் ஏறியது. தண்ணீர் குறைந்தது கடைமடைக்கு. அங்கேதான் ஊரோரக் குடியிருப்பின் முனியம்மாளும் அவள் புருஷனும் குத்தகைக்கு நெல் வைத்திருந்தார்கள்.

அவன் பஞ்சாயத்தில் வந்து கத்தினான். "இன்னாய்யா மிஷினு? எங்க பக்கம் மட்டும் தண்ணி எட்டவே இல்ல!"

முனியம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். "சும்மா இருய்யா. மனுசன்னா ஓரவஞ்சன பண்ணுவான். மிஷினுக்கு இது யாரு நெலம்னு தெரியுமா?" பிறகு என் பக்கம் திரும்பினாள். "இன்னா தம்பி, நான் சொல்றது சரிதானே?"

"சரிதாம்மா" என்றேன்.

எத்தனை எளிதாக வந்தது அந்தச் சொல்! என் நாக்கு ஏன் அழுகிப் போகவில்லை?

அவர்கள் பயிர் கதிர் விடாமலே கருகியது. அறுத்து மாட்டுக்குப் போட்டார்கள். குத்தகையும் கைவிட்டுப் போயிற்று. எங்கள் களத்தில் நெல் குவிந்தது. அந்தச் சோற்றை நானும் தின்றேன். ருசித்துத் தின்றேன்!

அந்தக் கணினியைப் பற்றி நான் எழுதிய கட்டுரைக்கு வெளிநாட்டில் கைதட்டினார்கள். 'ஆள் பார்க்காத நீதி' என்று கூசாமல் பேசினேன். பதவி வந்தது, விருது வந்தது. நிரலைக் கேட்ட மாணவர்களுக்கு அந்த ஒரு வரியை நீக்கிவிட்டுக் கொடுத்தேன். சே... என்ன பிறவி நான்!

சில வருஷம் கழித்து, உத்திரமேரூர் சாலையில் என் கார் நின்றது. முன்னால் ஒரு லாரி செங்கல் சூளைக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. சூளையில், தலையில் சுடாத பச்சைக் கல் சுமந்தபடி முனியம்மாள்! என்னைக் கண்டதும் சுமையை இறக்கிவிட்டு ஓடி வந்தாள்.

"தம்பி! நல்லா கீறியா?"

சிரித்தாள். என்னைப் பார்த்து... சிரித்தாள்.

இறங்கியிருக்கலாம். சொல்லியிருக்கலாம். லாரி விலகியது. கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "நீ போ" என்றேன் டிரைவரிடம்.

அவள் இருக்கிறாளா, இல்லையா... இன்றுவரை நான் விசாரிக்கவில்லை.