ஊர்ப் பெயர்களை எழுத ஆசைப்பட்டவர்

யுத்த காலம். பட்டாபிராம் ராணுவக் கிடங்கில் ஒரே ஒரு குமாஸ்தா வேலை காலியாக இருந்தது. இண்டர்வியூவுக்காக விடியற்காலையிலேயே வந்து, பனி மூடிய ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து ஆங்கிலப் பதில்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவரும் அதே வேலைக்குத்தான் வந்திருந்தார். என் வயதுதான் இருக்கும். ஒல்லியான உடம்பில் இரவல் கோட்டு தோளைவிட்டு வழிந்தது. எதைக் கேட்டாலும் ஒரு கணம் கண்ணை மூடித் திறந்துவிட்டுத்தான் பேசுவார்.

இருவரும் மாறி மாறித் துரையாக நடித்துக் கேள்வி கேட்டுக்கொண்டோம். நான் துரையாகும் முறை வந்தது.

"இந்த வேலை உமக்கு எதுக்கு?"

அவர் கண்ணை மூடினார். "பெட்டிங்க மேல ஊர் பேரு எழுதற வேலை, அண்ணாத்தே. பட்டாபிராம், பூந்தமல்லி விட்டா நான் வேற ஊரு பாத்ததில்ல. கராச்சி, பஸ்ரான்னு எழுதிகினு இருந்தா, நானே போய் வந்தாப்ல இருக்காதா?"

அந்த ஊர்களெல்லாம் பனிக்கு அப்பால் தெரிவதுபோல எனக்கும் தோன்றியது.

கிடங்கு வாசலில் இண்டர்வியூ நடந்த கூடாரத்துக்குள் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார்கள். துரை அதே கேள்வியைக் கேட்டார். மனப்பாடம் செய்தது மறந்துபோய், பெஞ்சில் அவர் சொன்ன பதில் என் வாயில் ஆங்கிலமாக வந்தது. துரை சிரித்து, "நாளைக்கே வா" என்றார்.

வெளியே, கூடாரத் துணியை ஒட்டி அவர் நின்றிருந்தார்.

"காதுல விழுந்துச்சு. இங்கிலீஷ்ல இன்னும் நல்லா கீது," என்றார். பிறகு தண்டவாள ஓரமாக நடந்துபோனார்.

மறுநாள் ஒரு பெட்டியின்மேல் பஸ்ரா என்று எழுதும்போது கை நின்றது. அவர் சொன்னது பாராட்டா, வேறு ஏதாவதா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.