கிழிந்த இறக்கையும் என் கறிவேப்பிலையும்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் குடியிருந்தோம். நான் வளர்த்த கறிவேப்பிலைக் கன்றைப் புழு மொட்டையடித்துவிட்டது. அடுத்த வருடம் கன்று மறுபடி துளிர்த்ததும், அந்தப் புழு பொரிக்கும் முட்டையை இட ஒரு கறுப்புப் பட்டாம்பூச்சி வந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. துடைப்பத்தை ஓங்கினேன்.

கிட்டே பார்த்தால், பின்னிறக்கை இரண்டிலும் பாதி இல்லை. இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தபோது ஏதோ குருவி கொத்தியிருக்க வேண்டும். இரு பக்கமும் ஒரே அளவாகப் போயிருந்தது. போன இறக்கை முளைக்காது. மிச்சத்தைப் படபடவென்று அடித்துக்கொண்டு, காற்று தள்ளத் தள்ளத் திரும்பி வந்து, தளிர் தளிராக முட்டை வைத்தது. ஓங்கிய துடைப்பத்தை இறக்கினேன்.

"இன்னாமே, அடிக்காம பாத்துக்கினு கீறே?" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீயே வந்து அடிய்யா. எனக்குக் கை வரல."

வந்து பார்த்தார். அவரும் அடிக்கவில்லை.

அந்த வருடமும் ரசத்துக்குக் கறிவேப்பிலை இல்லை. புழு தின்னட்டும் என்று விட்டுவிட்டேன் என்றால் அக்கம்பக்கத்தில் சிரித்தார்கள். அவர்கள் அந்த இறக்கையைப் பார்க்கவில்லை.