மூன்று கிண்ணம் மிளகாய்த்தூள்

நாளொன்றுக்கு முந்நூற்று இருபது முட்டை. பதினொரு வருடமாக அவள் கையில் ஓடுவது இதுதான்.

விருந்து மண்டபத்தின் பின்பக்கச் சமையலறையில் அவளுக்கு முட்டைக்காரி என்றே பெயர். அவித்து, உரித்து, நீளவாக்கில் பிளந்து, மஞ்சள் கருவை எடுத்துக் கடுகு விழுதும் வினிகரும் விட்டுப் பிசைந்து, மறுபடி வெள்ளைக் குழியில் நிரப்புவாள். கடைசியாக மேலே ஒரு சிட்டிகைத் தூள். அந்தச் சிட்டிகையில்தான் அவள் ராஜ்ஜியம். எந்தத் தூள், எந்த டப்பா என்று முகர்ந்து முடிவு செய்வது நிரப்பியவரின் உரிமை. தலைமைச் சமையல்காரரான மாஸ்டர்கூட அதில் கை வைக்கமாட்டார்.

ஏழு மாதத்துக்கு முன் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது மணத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. உப்பு தெரிந்தது, புளிப்பு தெரிந்தது, காரம் எரிந்தது. வாசனை மட்டும் துளிகூட இல்லை. யாரிடமும் மூச்சு விடவில்லை, தங்கையைத் தவிர.

தங்கை பாத்திரம் கழுவுகிறவள். அக்கா சேர்த்துவிட்ட வேலை. முட்டை மேசைக்கு இரண்டடி தள்ளித்தான் தொட்டி. அக்கா டப்பாவைத் திறந்து அந்தப் பக்கம் லேசாகச் சாய்ப்பாள். சரியான தூள் என்றால் தங்கை கரண்டியால் தொட்டி விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவாள். கெட்ட முட்டை நாறினால் இரண்டு தட்டு. இத்தனை மாதத்தில் ஒருநாளும் பிசகியதில்லை.

போன வாரம் தங்கை லீவு போட்ட நாளில் ஒரு கெட்ட முட்டை வெளியே போய்விட்டது. விருந்தாளி ஒருவர் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து ஓடினார். மாஸ்டர் கத்தவில்லை. மிச்சமிருந்த முட்டைகளை ஒவ்வொன்றாக முகர்ந்துவிட்டு அவளைப் பார்த்தார்.

சனிக்கிழமை காலை அவர் மூன்று கிண்ணங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மூன்றிலும் சிவப்பு மிளகாய்த்தூள். ஒரே நிறம், ஒரே அரைப்பு. அடுப்பைத் தணித்துவிட்டு எல்லோரும் சுற்றி நின்றார்கள். தங்கை மட்டும் தொட்டியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சாயங்காலம் அறுநூறு பேர் விருந்து. எதைத் தூவலாம், நீயே சொல்லும்மா. உன் மூக்குதானே இங்க பெரிய மனுஷன்."

"பாத்துக்கா, பெரிய மனுஷன் தும்மிடப் போறாரு!" என்றான் காய் நறுக்குகிறவன். சிரிப்பு எழுந்தது.

தப்பாகச் சொன்னால் மேசை போச்சு. அவளுக்கு அது தெரியும். முதல் கிண்ணத்தை எடுத்து, வழக்கம்போலத் தொட்டிப் பக்கம் சாய்த்து முகர்ந்தாள். சத்தமில்லை. இரண்டாவது. தொட்டியில் டங்கென்று ஒரு தட்டு. மூன்றாவதற்குச் சத்தமில்லை.

"ரெண்டாவதுதான் மாஸ்டர்."

"ஏன்?"

"இப்பதான் அரைச்ச மாதிரி கமகமன்னு இருக்கே!"

மாஸ்டர் அந்தக் கிண்ணத்தைக் காய் நறுக்குகிறவனின் மூக்கடியில் நீட்டினார். அவன் இரண்டடி பின்னால் தாவினான்.

"அய்யோ, ஈரச் சாக்கு நாத்தம்!"

"கூரை ஒழுகி நனைஞ்ச மூட்டை. குப்பைல போட எடுத்து வெச்சேன்," என்றார் மாஸ்டர். "கமகமன்னு இருக்காமே!"

ஆளாளுக்கு அந்தக் கிண்ணத்தை வாங்கி வாங்கி முகர்ந்தார்கள். "ஆகா, கமகம!" என்று ஒருவன் கண்ணை மூடி ஆடினான். சிரித்துச் சிரித்து ஒருத்திக்குப் புரை ஏறியது. மாஸ்டர் கையைக் காட்டி அடக்கினார்.

"இனிமே நீ தொட்டிக்குப் போ, உன் தங்கச்சி முட்டை மேசைக்கு வரட்டும். எச்சில் தட்டு நாத்தம் உனக்குத் தெரியாது பாரு, நிம்மதியா இருக்கலாம்."

கூட்டம் கலைந்ததும் அவள் தங்கையிடம் போனாள்.

"ஏண்டி இப்படிப் பண்ணே?"

தங்கை கையை நுரையிலிருந்து எடுத்து நீட்டினாள். விரலிடுக்கெல்லாம் சோப்புத் தண்ணீரில் வெந்து வெளுத்துக் கிடந்தது.

"ரெண்டு மாசம் முன்னாடி மாஸ்டர் என்னை ரொட்டி மேசைக்கு மாத்தறேன்னாராம். 'அவளுக்கு அதெல்லாம் வராது, கழுவட்டும்'னு சொன்னியாமே?"

"நீ என் பக்கத்துலயே இருக்கணும்னுதாண்டி..."

"தெரியும்க்கா. இப்பவும் பக்கத்துலதானே இருக்கப் போறோம்."

அன்று சாயங்கால விருந்துக்குத் தங்கை முதல் கிண்ணத்தைத் தேர்ந்தெடுத்தாள். திங்கட்கிழமையிலிருந்து முட்டை மேசையில் அவள் நிற்கிறாள். அக்கா தட்டுக் கழுவுகிறாள்.