ஞாயிற்றுக்கிழமை போனுக்கு ஒரு வேண்டுதல்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். காரைக்குடியில் எங்கள் ஆர்.சி. தொடக்கப்பள்ளியில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் இதைச் சொல்லும். பத்தொன்பது வருடமாக நாலாம் வகுப்பு டீச்சர் நான்தான். அடிக்க மாட்டேன். ஆனால் நான் ஒரு அதட்டல் போட்டால் பக்கத்து மூன்றாம் வகுப்பும் சேர்ந்து கப்சிப் ஆகிவிடும். அப்படிப்பட்ட என்னை ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி வாயடைக்க வைத்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எழுதினால் மனம் ஆறும் என்று யாரோ சொன்னார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை.

எங்கள் பள்ளியில் காலை வழிபாட்டில் ஒரு வழக்கம் உண்டு. தமிழ்த்தாய் வாழ்த்து, உறுதிமொழி எல்லாம் முடிந்த பிறகு, வேண்டுதல் இருக்கிற பிள்ளைகள் மைக் முன்னால் வரிசையாக வந்து சொல்லலாம். ஒவ்வொரு வேண்டுதலுக்கும் எல்லோரும் சேர்ந்து, மாதாவிடம் வேண்டுகிற அருள்நிறை மந்திரத்தை ஒரு முறை சொல்வோம். முக்கால்வாசிப் பிள்ளைகள் இந்துக்கள், கொஞ்சம் முஸ்லிம் பிள்ளைகளும் உண்டு. யாருக்கும் கட்டாயம் இல்லை. ஆனாலும் ஒன்றாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சைக்குள் எல்லாருக்கும் மனப்பாடம் ஆகிவிடும். இந்தப் பகுதி என் பொறுப்பில் இருந்தது. "கண்ணை மூடுங்க" என்று நான் சொன்ன பிறகுதான் மந்திரம் தொடங்கும்.

என்னென்ன கேட்பார்கள் என்கிறீர்கள்! எங்க ஆடு ரெண்டு குட்டி போடணும். அப்பா சாயங்காலம் கடைக்குப் போகாம நேரா வீட்டுக்கு வரணும். அக்காவுக்குச் சீக்கிரம் கல்யாணம் ஆகணும், அவ கட்டில் எனக்கு வேணும். ஒருத்தன், "நாலாப்பு டீச்சருக்கு ஒரு நாள் காய்ச்சல் வரணும்" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டான். அதற்கும் மந்திரம் சொன்னோம். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததுதான் மிச்சம்.

நான் சொல்ல வந்த பெண்பிள்ளையின் வேண்டுதல் ஒரே ஒரு வரி. "எங்க அம்மா இந்த ஞாயித்துக்கெழமை போன் பண்ணணும்."

அவள் அப்பா புதுவயலில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அம்மா இரண்டு வருடமாகக் குவைத்தில் ஒரு வீட்டில் சமையல் வேலை பார்த்தாள். பிள்ளையை அத்தைதான், அப்பாவின் அக்காதான், பார்த்துக்கொண்டாள். வெளிநாடு போவதற்கு முந்தின வாரம் அந்த அம்மா பள்ளிக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நாங்க அய்யனாரைக் கும்புடுறவுக டீச்சர். ஆனா மாதா பாத்துக்கிருவாகன்னு நம்பித்தேன் இங்க விட்டுட்டுப் போறேன். நீங்களும் பாத்துக்கங்க" என்றாள். அதற்கென்ன, பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு பெரிய வாக்காகவே தோன்றவில்லை.

ஞாயிறுதோறும் அம்மா வீடியோ காலில் வருவாள். திங்கட்கிழமை காலையில் பிள்ளையின் முகத்தைப் பார்த்தாலே, எவ்வளவு நேரம் பேசினாள் என்று எனக்குத் தெரிந்துவிடும். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தவக்காலம் தொடங்கிய வாரம் போன் வரவில்லை. அடுத்த ஞாயிறும் வரவில்லை. மறுநாள் காலையில்தான் முதல்முதலாக மைக் முன்னால் வந்து நின்றாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள்.

அந்த நாட்களில் நான் வகுப்பில் ஒன்று சொல்லித் தந்திருந்தேன். வருடாவருடம் சொல்லித் தருவதுதான். நமக்குப் பிடித்த ஒன்றை விட்டுக்கொடுத்து வேண்டிக்கொண்டால் அந்த வேண்டுதலுக்குக் கனம் கூடும் என்று. பிள்ளைகள் பெரும்பாலும் மிட்டாயை விடுவார்கள், இரண்டு நாள் கழித்துத் தின்றுவிடுவார்கள். இவள் சத்துணவு முட்டையை விட்டுவிட்டாள். முட்டை என்றால் அவளுக்கு உயிர். மஞ்சள் கருவைத் தனியாக எடுத்து வைத்துக் கடைசியில் சாப்பிடுகிறவள். அவளுக்கு முட்டை வைத்தால் அப்படியே பக்கத்தில் இருக்கிற பிள்ளையின் தட்டில் போட்டுவிடுகிறாள் என்று சத்துணவுக் கூடத்து அக்கா வந்து என்னிடம் சொன்னாள். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. நான் சொன்னதை ஒரு பிள்ளையாவது கேட்கிறதே என்று நினைத்தேன்.

போன் நின்ற மூன்றாவது வாரம் புதன்கிழமை மதியம் அவள் அப்பா வந்தார். தலைமையாசிரியை சிஸ்டர் என்னையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். அந்த மனிதர் மில்லிலிருந்து நேரே வந்திருந்தார். புருவம் வரைக்கும் தவிட்டுத் தூசி. உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"போயிட்டா டீச்சர்" என்றார். "இருபது நாளாச்சாம். வேலை பாக்குற வீட்லயே மயங்கி விழுந்திருக்கா. ஏஜெண்டு சனிக்கெழமதேன் சொன்னான். பாடி வர எத்தனை நாளாகும்னு தெரியலை. சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்கும் வீட்டுக்குமா அலைஞ்சுக்கிட்டு இருக்கேன்."

சிஸ்டர் சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். நான் முதலில் கேட்டது, "பிள்ளைக்குத் தெரியுமா?" என்பதுதான்.

"தெரியாது. தெரியவும் கூடாது. மூஞ்சியைக் காட்டாம அம்மா செத்துப்போச்சுன்னு சொன்னா அவ நம்புவாளா? எங்க இருக்கு, எப்ப வரும்னு தெனம் கேப்பா. நான் என்னத்தச் சொல்ல? பாடி வரட்டும் டீச்சர். அதுவரைக்கும் நீங்க ரெண்டு பேரும் வாயைத் தொறந்துறாதீக. ஒங்க காலுல விழுகுறேன்."

நிஜமாகவே விழப் போனார். ஐயோ, வேண்டாம் என்று தடுத்து, சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? அவர் பெற்ற பிள்ளை. எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

மறுநாள் காலை வழிபாடு. அவள் இரண்டாவது ஆளாக மைக் முன்னால் வந்தாள். எண்ணெய் தடவி, இரட்டைச் சடை போட்டு, ரிப்பன் கட்டி. "எங்க அம்மா இந்த ஞாயித்துக்கெழமை போன் பண்ணணும்." முந்நூறு பிள்ளைகள் என்னைப் பார்த்தன. என் வாய், "கண்ணை மூடுங்க" என்றது. மூடினார்கள். அவள் எல்லோரையும்விட இறுக்கி மூடினாள், நெற்றி சுருங்கும்படி. மந்திரம் முடியும்வரை நான் கண்ணை மூடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அன்றைக்கு மதியம் சிஸ்டரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். போன மாதம்தான் எங்களையெல்லாம் குழந்தைகள் மனநலப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். டீயும் சமோசாவும் கொடுத்து, 'குழந்தைகளிடம் உண்மையைப் பேசுங்கள்' என்று பலகையில் எழுதிப் போட்டார்கள். நானும் நோட்டில் எழுதிக்கொண்டு வந்தேன். அதைச் சொன்னேன். சிஸ்டர் நல்ல மனுஷி, குரலே உயராது.

"குடும்பம் எடுத்த முடிவு டீச்சர். நாம மீற முடியாது. செத்தவங்களுக்காகவும் நாம வேண்டுறது உண்டுதானே? நீங்க உங்க மனசுல அப்படி வச்சுக்குங்க" என்றார்.

"என் மனசுல நான் எப்படி வச்சுக்கிட்டா என்ன சிஸ்டர்? அந்தப் பிள்ளை மனசுல போன்தானே இருக்கு?" என்றேன்.

சண்டை போட்டதில் ஒரு பிரயோஜனமும் இல்லை.

தந்திரம் செய்து பார்த்தேன். ஒரு நாள், நேரமாகிவிட்டது, இன்றைக்கு இரண்டு வேண்டுதல் போதும் என்று வரிசையை வெட்டினேன். மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றுவிட்டாள். இன்னொரு நாள், "வெளியூர்ல இருக்கிற எல்லா அம்மாக்களுக்காகவும் வேண்டுவோம்" என்று பொதுவாக மாற்றிச் சொன்னேன். மைக்கை விட்டு நகராமல், "எங்க அம்மாவுக்கு டீச்சர்" என்று திருத்தினாள். எனக்கு என்ன வந்ததோ, "ஒரே பாட்டை எத்தனை நாளைக்குப் பாடுவ? போய் வரிசையில நில்லு" என்று எரிந்து விழுந்தேன். முந்நூறு பேர் முன்னால். அவள் முகம் சுண்டிப்போனது. என் கோபம் அவள்மேல் இல்லை, தெரியும். ஆனால் அது விழுந்தது அவள்மேல்தான். இன்றைக்கு நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

முட்டையாவது சாப்பிடட்டும் என்று சத்துணவுக் கூடத்தில் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "ஆத்தா, போதும்டா. மாதாவுக்குக் கேட்டிருச்சு. நீ சாப்பிடு" என்றேன்.

"போன் வந்தோடனே தின்னுக்கிறேன் டீச்சர்" என்றாள்.

கன்னம் ஒட்டிப்போயிருந்தது. நான் அதற்கு மேல் என்ன செய்வது? வாயில் ஊட்டவா முடியும்? தவக்காலப் பாடம் நடத்திய என் நாக்கைத்தான் கடித்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை புதுவயலுக்குப் போய் மில் வாசலில் அவள் அப்பாவைப் பிடித்தேன். லாரிகளுக்கு நடுவில் நின்று பேசினோம். சொல்லிவிடுங்கள், பிள்ளை தேய்ந்துகொண்டே போகிறது என்றேன்.

"நேத்துச் சொல்லத்தேன் பக்கத்துல உக்காந்தேன்" என்றார். "அது என் முதுகுல இருந்த தவிட்டைத் தட்டிவிட்டுக்கிட்டே, 'அம்மா வந்தா ஒங்களுக்கு நல்ல சட்டை வாங்கியாரச் சொல்லியிருக்கேன்ப்பா'ங்குது. எனக்கு வாய் வரலை டீச்சர். வேணும்னா நீங்களே சொல்லிருங்க."

அவ்வளவு வாயாடியான நான், "என்னாலயும் முடியாதுங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதன்பிறகு எட்டு நாள். எட்டு நாளும் அவள் கேட்டாள். எட்டு நாளும் நான் கண்ணை மூடச் சொன்னேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை பதினொரு மணி இருக்கும். வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள். வகுப்பு வாசலில் அத்தை வந்து நின்றாள். ஆட்டோ கேட்டுக்கு வெளியே நின்றது. அத்தையின் கண்ணைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. பாடி விடியற்காலை திருச்சி விமான நிலையத்தில் வந்து இறங்கியிருக்கிறது.

பிள்ளை எழுந்து, "என்ன அத்த?" என்றாள்.

அந்த மனுஷிக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை பாவம். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள். "ஒங்க அம்மா வந்திருக்குடி. வா, போவோம்."

அவள் ஒரு கத்துக் கத்தினாள் பாருங்கள்! "எங்க அம்மா வந்துருச்சு!" வகுப்பே எழுந்து கைதட்டியது. ஒரு மாதமாகச் சேர்ந்து வேண்டிக்கொண்ட பிள்ளைகள் அல்லவா? பெஞ்சைத் தட்டினார்கள், விசிலடித்தார்கள். பக்கத்து வகுப்பிலிருந்தும் எட்டிப் பார்த்துவிட்டு அவர்களும் தட்டினார்கள். என் ஒரு அதட்டலில் அடங்குகிற வகுப்பு அது. எனக்கு அதட்ட வரவில்லை. அவள் புத்தகப் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். ஆட்டோ திரும்பும்வரை கைதட்டல் ஓயவில்லை. நான் சாக்பீஸைப் பிடித்தபடி கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

சாயங்காலம் சிஸ்டரும் நானும் போனோம். பெட்டியைத் திறந்து முகம் காட்டியிருந்தார்கள். அவள் அழவில்லை. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். என்னைப் பார்த்தாள், என் பக்கம் வரவில்லை. நானும் போகவில்லை. போகத் தைரியம் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து பதினெட்டு நாள் கழித்துப் பள்ளிக்கு வந்தாள். காலை வழிபாட்டுப் பொறுப்பை அதற்குள் மூன்றாம் வகுப்பு டீச்சரிடம் தள்ளிவிட்டிருந்தேன். அவளிடம் பேசுவதற்கு ஏதேதோ யோசித்து வைத்திருந்தேன். அம்மா கடவுளிடம் இருக்கிறாள், உன்னைப் பார்த்துக்கொண்டே இருப்பாள் என்று. நான் நம்புகிறதுதான், பொய் இல்லை. அதைச் சொல்ல அவள் எனக்கு நேரமே தரவில்லை. எல்லோரும் விளையாடப் போன பிறகு என் மேசையருகே வந்து நின்றாள்.

"டீச்சர், ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

சுற்றி வளைக்க நினைத்தேன். அவள் பார்த்த பார்வையில் முடியவில்லை. "அப்பா சிஸ்டரைப் பாக்க வந்தாகல்ல, அன்னைக்கு" என்றேன்.

"அதுக்கப்புறமும் கண்ணை மூடச் சொன்னீக."

"ஆமா" என்றேன். மன்னித்துக்கொள் என்று வாய் வரைக்கும் வந்தது. ஒன்பது வயதுப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது என்று எனக்கு யாரும் கற்றுத் தரவில்லை. அவள் கையைப் பிடித்தேன். அவள் இழுத்துக்கொள்ளவில்லை, திரும்பிப் பிடிக்கவும் இல்லை. ஜன்னல் வழியாக, வெளியே கல்குகை மாதிரிக் கட்டிய கெபியில் இருக்கிற மாதா சுரூபத்தைப் பார்த்தாள்.

"மாதாவுக்கும் தெரியுமா டீச்சர்?"

தெரியாது என்றால் மாதா எதற்கு? தெரியும் என்றால் இவள் தினமும் யாரிடம் போய் நின்று கேட்டாள்? பத்தொன்பது வருடம் மறைக்கல்வி நடத்தியிருக்கிறேன்.

"தெரியும்" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டாள். "அப்ப அவுகளும் சொல்லலை" என்று சொல்லிவிட்டு, போய்த் தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டாள்.