விரதம் என்றார் முதலாளி

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை தீபத்தன்று, திருவண்ணாமலை தேரடித் தெருப் பக்கம் ஒரு மெஸ்ஸில் நடந்தது இது. அஞ்சாவதோடு படிப்பை விட்ட நான் அங்கே காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். வேலை போய்விடுமோ, மாமியார் வீட்டில் என்ன சொல்வார்களோ என்று எந்நேரமும் பயந்துகொண்டே இருப்பேன்.

தீபத்துக்கு முந்தின நாள் சோறு வடிக்கும்போது, மாவாட்டுகிற அக்காவின் கையில் கொதிகஞ்சி கொட்டிவிட்டது. முழங்கை வரைக்கும் தோல் உரிந்துபோனது. முதலாளி தீப்புண்ணுக்குக் கைவைத்தியமென்று பேனா மையை எடுத்து ஊற்றினார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரிக்கு அனுப்பவில்லை. கூட்ட நேரத்தில் இது வேறயா என்று சலித்துக்கொண்டு, இனி வரவேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன் என்று அவரை அனுப்பியே விட்டார்.

அடுப்படியில் மீதி நாங்கள் ஐந்து பேர். வேலையை நிறுத்தினால் எங்கிருந்தோ வந்த ஜனங்கள்தான் பட்டினி கிடப்பார்கள். அதனால் வேலை செய்வோம், ஆனால் அவர் போடும் சோற்றைத் தொடவேண்டாம் என்றார் சமையல் மாஸ்டர். மெஸ்ஸில் வேலை செய்கிறவர்கள் முதலாளி சோற்றை வேண்டாமென்பது அவர் முகத்தில் அடிக்கிற மாதிரி. ஏன் என்று கேட்பார், அப்போது அக்கா விஷயத்தைச் சொல்லலாம் என்று இருந்தோம். நானும் தலையாட்டினேன்.

தீபத்தன்று காலை இட்லியைத் தொடவில்லை. மத்தியானமும் தொடவில்லை. முதலாளி எங்களிடம் ஒன்றுமே கேட்கவில்லை. கல்லாவில் உட்கார்ந்தபடி, வந்தவர்களிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நம்ம ஆளுங்களப் பாருங்க. இவ்ளோ வேலையிலயும் விரதம். தீபம் பாக்காம ஒரு வாய் வெக்க மாட்டாங்க."

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பாதி ஊர் விரதமென்று பட்டினி கிடக்கிற நாளாகப் பார்த்து நாங்களும் பட்டினி கிடந்திருக்கிறோம். மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம கோவத்தையும் சாமி கணக்குல சேத்துட்டாரே இந்த ஆளு" என்றார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

சாயங்காலம் மலைமேல் தீபம் தெரிந்தது. தெருவே அரோகரா என்றது. முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டு வந்து, எங்களையும் வெளியூர்க்காரர்களோடு பந்தியில் உட்காரவைத்தார். அதுவரை ஒருநாளும் காட்டாத மரியாதை. தன் கையாலேயே வடை, பாயசம் என்று பரிமாறினார். புண்ணியம் சேர்க்கிறாராம். நாங்கள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

எதிர் வரிசையில் இருந்த ஒரு அம்மா என்னைப் பார்த்து, தீபம்தான் ஏற்றியாச்சே, சாப்பிடும்மா என்றார். மாஸ்டர்தான் பேசுவதாக இருந்தது. அவரோ முதலாளி முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விரதம் இல்லீங்க. எங்க அக்காவுக்குக் கை வெந்துபோச்சி. ஆஸ்பத்திரிக்குக் கூட இட்டுனு போவாம தொரத்திட்டாரு. அவங்களுக்கு ஒரு வழி பண்ற வரைக்கும் இந்தச் சோறு எங்களுக்கு வேணாம்."

உள்ளே பேசவேண்டியதை இங்கே பேசாதே என்று முதலாளி பல்லைக் கடித்தார். நாள் முழுக்க விரதம் இருந்த அந்த அம்மா, பிசைந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்தார்.

"அப்ப எனக்கும் வேணாம்பா."

அவரோடு வந்தவர்களும் எழுந்துவிட்டார்கள். பக்கத்து இலைக்காரர் ஒருத்தர் மட்டும் ரசம் கேட்டுக்கொண்டிருந்தார். அவரையும் நான் மறக்கவில்லை.

சாப்பிட வந்தவர்கள் பாதியில் எழுந்து போவதை எந்த மெஸ்காரரும் தாங்கமாட்டார். ரிக்‌ஷா வைத்துக்கொண்டு முதலாளியே போய் அக்காவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிறகு வேலையும் கொடுத்தார். ஆனால் அக்காவுக்கு இரண்டு விரல் கடைசிவரை நீட்டவரவில்லை. உடனே கொண்டுவந்திருந்தால் சரியாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

அந்த அம்மா எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து யாராவது சாப்பிடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால், விரதமா என்று நான் கேட்பதில்லை. என்ன ஆச்சு என்றுதான் கேட்கிறேன்.