இரண்டு நாற்பது பஸ்

மலையூர்களுக்கு மதியத்துக்கு மேல் ஒரே பஸ்தான். இரண்டு நாற்பதுக்குக் கிளம்பிவிடும். புவியியல் டீச்சர் நெவேனா இருபது வருடமாக அதில்தான் வீடு போகிறாள். டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரம் அவள் இடம். மணி அடித்ததும் மாணவர்களை முந்திக்கொண்டு ஓடிப்போய்ப் பிடிப்பாள்.

இந்த வருடம் அவளுக்கு ஆராய்ச்சிப் பித்து பிடித்திருந்தது. பள்ளி விட்டதும் நடக்கும் பாட்டு, நாடகம், சதுரங்கம் எதற்கும் பிள்ளைகள் ஏன் நிற்பதில்லை? பல்கேரியாவே தன் பதிலுக்காகத் தவம் கிடப்பதாக நினைப்பு. நாற்பது கேள்விகள் தயாரித்து, ஐம்பது பிரதி எடுத்தாள். சோம்பல், செல்போன், பெற்றோரின் அலட்சியம் என்று முடிவுரையைக்கூட முன்கூட்டியே எழுதிவிட்டாள். பிறகு பலகையில் அறிவிப்பு ஒட்டினாள்: "வியாழன் மூன்று மணிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம். அனைவரும் வரவும்."

வியாழனன்று பஸ் மலை வளைவில் திணறி ஏறிக்கொண்டிருந்தபோது, பின்சீட்டில் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்த பதினோராம் வகுப்பு ராலிட்சா தலையை நீட்டினாள்.

"டீச்சர், இன்னிக்கு மூணு மணிக்குக் கூட்டம்னு போட்டிருந்தீங்களே?"

நெவேனா கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று ஐந்து.

"ஆமா. நீ ஏன்டி போகல?"

"பஸ் போயிடும்ல டீச்சர். நீங்க?"

பஸ் முழுக்கச் சிரிப்பு. டிரைவர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார். நெவேனாவுக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. பையிலிருந்து ஐம்பது பிரதிகளையும் எடுத்துப் பின்னால் நீட்டினாள்.

"ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. விதைத் தொலியை இதுல துப்புங்க, கீழ போடாதீங்க."