என் மனைவி தேர்ந்தெடுத்த டேப்

"இன்னாம்மா, வெண்டிக்காயா இது, ஒடிச்சிப் பாத்து வாங்கிக்கினு போவ?" என்று பாரிமுனை இரும்புச் சாமான் கடைக்காரர் சிரித்தார். என் மனைவி சிரிக்கவில்லை. பையிலிருந்து துளை போட்ட இரும்புத் துண்டொன்றை எடுத்து அவர் மேசைமேல் வைத்தாள். "ஒடையக் கூடாதுன்னுதாங்க பாக்கறேன்" என்றாள்.

எழுபதுகளின் பிற்பகுதி அது. திருவள்ளூரை ஒட்டிய மணவாள நகரில், வீட்டுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகை போட்டு, திருகாணி இறங்குவதற்கான மரை வெட்டும் வேலை செய்துவந்தேன். துளைக்குள் மரை வெட்ட டேப் என்கிற பல் வைத்த எஃகுத் திருகி, கம்பியின்மேல் வெட்ட டை. எஃகு மட்டமாக இருந்தால் டேப் பாதியில் முறிந்து துளைக்குள்ளேயே சிக்கிக்கொள்ளும். அப்புறம் அந்தச் சாமானே வீண். அந்தத் தடவை வந்திருந்தது கும்மிடிப்பூண்டியில் புதிதாகத் தொடங்கிய ஒரு தொழிற்சாலையின் வேலை. பம்புகளின் வார்ப்பிரும்புக் கூடுகளை அவர்களே அனுப்பியிருந்தார்கள். ஒன்று கெட்டாலும் மறுபடி கூப்பிட மாட்டார்கள்.

கடைக்காரர் எடுத்துப்போட்ட டேப்புகளின் பற்களில் அவள் நகத்தை ஓட்டிப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்துப் பிசிறு தேடினாள். பிறகு அந்த இரும்புத் துண்டின் துளையில் ஒவ்வொன்றாக என்னைத் திருகச் சொல்லிவிட்டுக் காதைச் சாய்த்துக்கொண்டாள். ஆர்.கே.பேட்டையில் தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். இழை அறுவதற்குமுன் தறியின் சத்தம் மாறிவிடும் என்பாள். "வேணாங்க, இது கத்துது" என்று இரண்டை ஒதுக்கினாள். அடுத்தது ஒரே சீராகக் கரகரத்து இறங்கியது. "இத்த எடுங்க" என்றாள். கடைக்காரரும் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை நடந்த நாட்களில் அவள் எண்ணெய் விடுவாள். நான் கைப்பிடியை அரைச் சுற்று முன்னே திருப்பி, கொஞ்சம் பின்னே வாங்குவேன். ஒரு கூட்டில் மட்டும் டேப் இறுகிவிட்டது. நான் அழுத்தப் போனேன். "ஐயோ, நிறுத்துங்க!" என்று கத்தினாள். சோறு ஆறிப்போக, மத்தியானம் முழுக்க மயிரிழை மயிரிழையாகப் பின்னுக்குத் திருப்பினோம். முழுசாக அது வெளியே வந்ததும், எண்ணெய்க் கையோடு தரையில் உட்கார்ந்து இருவரும் சிரித்தோம்.

அந்த வேலையைப் பார்த்துத் தொழிற்சாலைக்காரர்கள் என்னையே வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். "நிரந்தரமான வேல, போங்க" என்றவளும் அவள்தான். விடியுமுன் கிளம்பினால் இருட்டியபின்தான் வீடு. "இன்னிக்கு டேப் ஒடைஞ்சுதா?" என்று கேட்பாள். "ஒடைஞ்சா இன்னா, ஸ்டோர்ல வேற தருவாங்கோ" என்பேன். "அப்போ செரி" என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொள்வாள். இயந்திரங்களின் இரைச்சலுக்கு நடுவே பல தடவை அவள் குரலுக்காகக் கை தயங்கியிருக்கிறது. அதை அவளிடம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஓய்வு பெற்றதும் கொட்டகையை மறுபடி திறந்தேன். அதற்குள் அவளுக்குக் காது மந்தமாகிவிட்டிருந்தது. எண்ணெயை விட்டவள், கைப்பிடியிலிருந்த என் கைமேல் தன் உள்ளங்கையை வைத்தாள். "கையிலயே தெரியுது. திருப்புங்க" என்றாள். அப்படியே சில வருடங்கள் வேலை செய்தோம்.

அவள் போனபிறகும் அக்கம்பக்கத்தார் ஏதாவது கொண்டுவருகிறார்கள். வேலை பிசகாமல்தான் வருகிறது. அரைச் சுற்று வந்ததும் என் கை தானாக நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, பிறகு நானே திருப்புகிறேன்.